பரங்கிமலை எரிமலையா? சென்னை மண்ணுக்கு அடியில் இருப்பது என்ன?

கேள்வி சுருக்கமாக இது: "பெசன்ட் நகரில் சித்தப்பா வீட்டில் இருபது அடியில் நல்ல தண்ணீர். நங்கநல்லூரில் எங்கள் வீட்டில் போர் போட்டால் பாறை இடிக்கிறது. வேளச்சேரியில் நண்பர் வீட்டு அஸ்திவாரத்தில் கறுப்புக் களிமண். பத்து கிலோமீட்டருக்குள் மூன்று விதமா? தட்டையான ஊரில் பரங்கிமலையும் பல்லாவரம் மலையும் மட்டும் எப்படி முளைத்தன? அந்தக் காலத்து எரிமலையா? சென்னைக்குப் பூகம்பம் வருமா?"

எரிமலை கிடையாது. உச்சியில் எரிமலை வாய் இல்லை, சுற்றுவட்டாரத்தில் லாவா உறைந்த பாறையும் இல்லை. அதைவிட முக்கியம், அந்த மலை முளைக்கவே இல்லை. அதைச் சுற்றியும் அதற்கு மேலும் இருந்த பாறையெல்லாம் தேய்ந்து போன பிறகு நிற்கிற மிச்சம் அது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும். தேய்ந்தது எங்கெங்கே போய்ப் படிந்தது என்று தேடிப் போனால் உங்கள் சித்தப்பா வீட்டு மணலும் நண்பர் வீட்டுக் களிமண்ணும் வழியிலேயே அகப்படும்.

பாறையிலிருந்து ஆரம்பிக்கலாம். திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலைப் பக்கம் உடைந்து கிடக்கிற கருங்கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளித்தோல் துருப்பிடித்த மாதிரி பழுப்பாக இருக்கும். அதை நம்ப வேண்டாம், அது வெயிலும் மழையும் செய்த வேலை. புதிதாக உடைந்த முகத்தைத் திருப்புங்கள். கரும்பச்சையும் நீலமும் கலந்த சாம்பல் நிறம், அதன்மேல் எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு. மற்ற கற்களில் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ தெரியும் குவார்ட்ஸ் என்ற கனிமம் இதில் லேசாக நீலம் பாய்ந்திருக்கும். கட்டட வேலைக்கு வந்து இறங்கும் 'புளூ மெட்டல்' ஜல்லி இதுதான். நிலவியலில் இதற்குப் பெயர் சார்னோக்கைட்.

பெயர் வந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிவைத்த ஜாப் சார்னாக் 1693-ல் இறந்தார். அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதன் மேல் பதித்த கல் கல்கத்தாக் கல் அல்ல. வங்காள வண்டலில் கல்லுக்கு எங்கே போவது? நம் ஊர்ப் பாறையே அங்கே போயிருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அந்தக் கல்லை ஆராய்ந்து, இறந்தவரின் பெயரையே பாறைக்கு வைத்தார். பிற்பாடு அண்டார்டிகா, ஸ்காண்டிநேவியா, ஆப்பிரிக்கா என்று எங்கே இதே ரகப் பாறை கிடைத்தாலும் சார்னோக்கைட் என்றே அழைத்தார்கள். பல்லாவரம் என்று வைத்திருக்கலாம், நமக்குக் கொடுப்பினை இல்லை. பரங்கிமலையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள் என்பதோடு திருப்திப்பட்டுக் கொள்ள வேண்டியதுதான்.

இந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அது உருவான இடம் பூமிக்குள் 20, 25 கிலோமீட்டர் ஆழத்தில். 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு, அதற்கேற்ற அழுத்தம், கூடவே தண்ணீர்ப் பசை மிகக் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சார்னோக்கைட்டை அடையாளம் காட்டும் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் உருவாகும். ஈரம் இருந்திருந்தால் அதற்குப் பதிலாக மைக்கா மாதிரி வேறு கனிமங்கள் வந்திருக்கும். தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன ஊருக்குத் தண்ணீர் இல்லாமலேயே உருவான பாறை அமைந்தது தற்செயல்தான், ஆனால் பொருத்தம். நங்கநல்லூரில் உங்கள் போர் இடிப்பதும் இந்தப் பாறையில்தான். பாறைக்குள் தண்ணீர் தங்க இடம் கிடையாது. விரிசல் இருந்தால் விரிசலில் நிற்கும். அதனால்தான் ஒரு வீட்டில் தண்ணீர் கொட்டும், பக்கத்து வீட்டில் 300 அடி இறக்கினாலும் புகைதான் வரும்.

இப்போது கணக்கு. 20 கிலோமீட்டர் ஆழத்தில் உருவான பாறை இன்று நம் காலடியில் இருக்கிறது என்றால், மேலே இருந்த 20 கிலோமீட்டரும் எங்கேயோ போயிருக்க வேண்டும். 250 கோடி ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஆயிரம் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர். ராஜேந்திர சோழன் காலத்திலிருந்து இன்றுவரை தேய்ந்தது உங்கள் சுண்டுவிரல் நக அகலம்கூட வராது. உண்மையில் இது ஒரே சீராக நடக்கவில்லை. மலைகள் உயர்ந்திருந்த காலத்தில் வேகமாகவும், தட்டையாகிவிட்ட பிறகு மெதுவாகவும் நடந்திருக்கும். மேலே எடை குறையக் குறைய அடியிலிருக்கும் பாறை மெல்ல மேலெழும்பும், எழும்பியது மறுபடி தேயும். இமயமலையில் இன்று நடப்பதும் இதுதான். ஒரு காலத்தில் இங்கேயும் பெரிய மலைத்தொடர் இருந்தது. நாம் அதன் வேரில் குடியிருக்கிறோம்.

அப்படியானால் பரங்கிமலை ஏன் தேயவில்லை? தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது, அக்கம்பக்கத்தைவிட மெதுவாக. விரிசல் நெருக்கமாக இருக்கிற பாறையில் மழைத்தண்ணீர் எளிதாக இறங்கி உள்ளேயே மக்க வைத்துவிடும். விரிசல் குறைந்த கட்டிப்பாறை தாக்குப்பிடிக்கும். சுமார் 300 அடி உயரம்தான் அந்த வித்தியாசம். மலையும் தட்டைநிலமும் இப்படி ஒட்டி நிற்பது ஒருவருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் அளவைக்கு வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் முதல் அடிக்கோட்டை, அதாவது மற்ற முக்கோணங்களுக்கெல்லாம் ஆதாரமாகத் தரையில் நேராக அளக்கிற கோட்டை, பிடித்தது பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவில்தான். சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு, கடல்மட்டத்தை ஒட்டிய சமதளம், முனையில் குறிபார்க்க ஒரு மேடு. கோடிக்கணக்கான ஆண்டுத் தேய்மானம் அவருக்கு அமைத்துக் கொடுத்த இடம் அது.

அடுத்த கட்டத்துக்குச் சென்னையை விட்டு வடமேற்கே கொஞ்சம் போக வேண்டும். திருப்பதிக்குப் போகிற வழியில் நகரிப் பக்கம் மலைகளின் தலையில் செங்குத்துச் சுவர் மாதிரி பாறை தெரியுமே, அது குவார்ட்சைட். பழைய பாறைகள் தேய்ந்து தட்டையான பிறகு, அந்தத் தளத்தின்மேல் ஒரு கடலோ ஆறோ கொண்டுவந்து போட்ட மணல், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இறுகிக் கல்லானது. திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் கீழே கிரானைட்டும் மேலே இந்தக் குவார்ட்சைட்டும் சந்திக்கிற கோடு அப்பட்டமாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பாறைக்கும் மேலே இருக்கும் பாறைக்கும் இடையில் சுமார் 80 கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன, அந்தக் காலத்துப் பாறையே அங்கே இல்லை. அதுவும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னம்தான். பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் கோட்டை ஒரு நொடியில் தாண்டிவிடுகிறார்கள்.

இந்தக் குவார்ட்சைட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை சென்னைக்குக் கிழக்கே கடல் இல்லை. அண்டார்டிகா இருந்தது. இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே பெருங்கண்டத்தின் துண்டுகள். கண்டங்களை மறுபடி ஒட்டிப் பார்க்கும் வரைபடங்களில் நம் கரைக்கு எதிரே வந்து நிற்பது அண்டார்டிகாவின் என்டர்பி லேண்ட் பகுதி. அங்கேயும் சார்னோக்கைட் இருப்பது ஆச்சரியமில்லை. ஒட்டியிருந்த நிலம் இழுபட்டுப் பிளந்தபோது விளிம்போரம் நீளநீளமாகப் பள்ளங்கள் விழுந்தன. அதில் ஒன்று இன்றைய ஸ்ரீபெரும்புதூர், ஆவடி, பூண்டி, சத்தியவேடு வட்டாரம். அப்புறம் பிளவு அகன்றது, கடல் உள்ளே வந்தது, வங்காள விரிகுடா பிறந்தது. சென்னைக்குக் கடற்கரை என்று ஒன்று கிடைத்தது அப்போதுதான்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இன்று கார் தொழிற்சாலை ஞாபகத்துக்கு வரும். அங்கே மண்ணுக்கு அடியில் இருக்கும் மென்மையான களிக்கல்லை ஏடு ஏடாகப் பிரிக்கலாம். பிரித்தால் இலைகள் பதிந்திருக்கும், சைக்கஸ் செடியின் ஓலை போல நடுநரம்பும் இருபுறமும் வரிசையான சிறு இலைகளுமாக. பூக்கும் மரங்கள் உலகத்தில் பரவுவதற்கு முந்திய காட்டின் இலைகள் அவை. அதே படிவுகளில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல்பிராணியும் கிடைத்திருக்கிறது. வைணவ வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்துக்குள் சக்கரம் போலத் தெரிவதும் அந்த இனத்துப் பிராணிதான். இலையும் கடல்பிராணியும் ஒன்றாகக் கிடைத்தால் அது காடு சூழ்ந்த ஆழமில்லாத கடல் ஓரம் என்று அர்த்தம்.

பள்ளத்தின் மேற்கு ஓரத்தில் நிலைமை முரடாக இருந்தது. நகரிப் பக்கத்து உயரங்களிலிருந்து பாய்ந்த ஆறுகள் குவார்ட்சைட்டை உடைத்து உருட்டிக் கொண்டுவந்து கொட்டின. பூண்டிக்கு அப்பால் அல்லிக்குழி மலைக்குள் கூடியம் குகைகளுக்கு நடந்து போனால் அதை நேரில் பார்க்கலாம். குகையின் கூரையும் சுவரும் பெரிய கடலை உருண்டை மாதிரிதான். முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை, வழவழவென்று உருண்ட கற்கள் செம்மண் நிறக் காரையில் நெருக்கியடித்துப் பதிந்திருக்கும். ஒரு கல்லை விரலால் தடவிப் பாருங்கள், ஒரு மூலைகூட இடறாது. அத்தனை தூரம் ஆற்றில் புரண்டு வந்திருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், வழி தவறும், தண்ணீரும் கிடைக்காது.

அந்த உருண்டைக் கற்கள் பிற்பாடு மழையில் பெயர்ந்து கீழே சிதறின. அதை எடுத்தவர்கள் ஆதிமனிதர்கள். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றின் அருகே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்கு அதுதான் தொடக்கச் சான்று. பாடப்புத்தகத்தில் இவ்வளவோடு விட்டுவிடுவார்கள். நிலவியல்காரனுக்கு இதில் சுவாரசியம் வேறு. மலை சார்னோக்கைட், கருவியோ குவார்ட்சைட். சார்னோக்கைட்டைத் தட்டினால் முரட்டுத்தனமாக உடையும், விளிம்பு வராது. குவார்ட்சைட்தான் சீவினாற்போலப் பெயரும், கூர்மை நிற்கும். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் பிற்காலத்தில் நடத்திய அகழாய்வில் கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் தெரியவந்தது. அதே இடத்தில் கருவி செய்யும் வேறு வகைத் தொழில்நுட்பம் சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்றும் 2018-ல் வெளியிட்டார்கள். நகரி மலை நொறுங்கி, உருண்டு, பள்ளத்தில் இறுகி, மறுபடி உதிர்ந்திராவிட்டால் அவ்வளவு பேர் அங்கே தங்கியிருக்கக் காரணமே இல்லை என்பது என் கட்சி.

செங்குன்றம் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சிவப்பு, மழையும் வெயிலும் மாறி மாறி அடித்து, கரையக்கூடியதெல்லாம் கரைந்து போய், இரும்புத் துரு மட்டும் தங்கி இறுகியதால் வந்தது. செம்புறாங்கல் என்பார்கள். ஃபூட் கருவி எடுத்த சரளையும் இந்த ரகம்தான்.

இனி ஆறு. கூவமும் அடையாறும் சின்ன ஆறுகள். மழைக்காலத்தில் மிரட்டுவது வேறு விஷயம், சென்னையின் மண்ணை இவ்வளவு தூரம் நிரப்பும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. அதைச் செய்ததில் பெரிய பங்கு பாலாற்றுக்கு. இன்று பாலாறு காஞ்சிபுரத்தைத் தாண்டித் தெற்கே கல்பாக்கத்துக்கு அப்பால் கடலில் சேர்கிறது. முன்பு அதன் ஒரு பாதை வடகிழக்கே திரும்பி, இன்றைய கொசஸ்தலையாற்றின் வழியாக எண்ணூர்ப் பக்கம் போயிருக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் புறப்படும் கொசஸ்தலையாற்றின் பள்ளத்தாக்கு அந்த ஆற்றின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் அகலமாக இருப்பது ஒரு தடயம். வடசென்னைக்கு அப்பால் தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் பகுதிகளில் மண்ணுக்குள் 30 மீட்டருக்கும் மேல் கனத்தில் ஆற்று மணலும் சரளையும் புதைந்து கிடப்பது இன்னொன்று. பல ஆண்டுகள் சென்னைக் குழாய்களில் வந்த தண்ணீரில் ஒரு பங்கு இந்தப் புதைந்த ஆற்றிலிருந்து இறைத்ததுதான். அளவு மீறி இறைத்ததில் மீஞ்சூரில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறிவிட்டது. இறைத்தவர்கள் நாம், பழியை ஆற்றின் மீது போட வழியில்லை.

கடலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. உங்கள் மூன்று வீட்டுப் புதிரில் இரண்டு வீடு அதன் கையில்தான் இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகத்துத் தண்ணீரில் இன்றைவிடக் கூடுதலான பங்கு பனியாக உறைந்திருந்தபோது கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே. மெரினாவில் நின்றால் அலையே கண்ணுக்குத் தெரிந்திருக்காது, பல பத்து கிலோமீட்டர் கிழக்கே நடக்க வேண்டும். பனி உருகியது, கடல் ஏறியது, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தையும் சற்றுத் தாண்டி உள்ளே வந்தது. ஆற்று முகங்களிலும் தாழ்வான பகுதிகளிலும் உப்பங்கழி தேங்கியது. அதன் அடியில் படிந்ததுதான் கறுப்புக் களிமண், நடுநடுவே சிப்பி ஓடுகளோடு. அப்புறம் கடல் மெல்லப் பின்வாங்கியது. பின்வாங்கும்போது கரைக்கு இணையாக மணல் மேடுகளை வரிசையாக விட்டுவிட்டுப் போனது.

மேப்பைத் திறந்து பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரு மணல் மேட்டின் மேல் ஓடுகிறது. பழைய மகாபலிபுரம் சாலை உள்ளே இருக்கும் இன்னொரு மேட்டை ஒட்டி ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் தாழ்வு, அதில் பக்கிங்ஹாம் கால்வாய். உள்மேட்டுக்கு மேற்கே, தாம்பரம், மேடவாக்கம் பக்கத்துப் பாறை நிலத்துக்கும் மணல் மேட்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட பள்ளம்தான் பள்ளிக்கரணை. மேற்கிலிருந்து ஏரி ஏரியாக வழிந்து வரும் தண்ணீர் நேராகக் கடலுக்குப் போக முடியாது, மேடு மறிக்கிறது. ஒக்கியம் மடுவு என்ற ஒரு வாய் வழியாகக் கால்வாய்க்கு வந்து, தெற்கே கோவளம் போய்த்தான் கடலைப் பார்க்கிறது. வேளச்சேரி இந்தப் பள்ளத்தின் வடக்கு ஓரம். 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தண்ணீர் தனக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் வந்தது. பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்தபோது அதில் பெரும்பகுதி வீடாகவும் ரோடாகவும் குப்பைமேடாகவும் மாறியிருந்தது.

பெசன்ட் நகர், திருவான்மியூர் வீடுகள் வெளிமேட்டின் மேல் இருக்கின்றன. மணலில் விழும் மழை அப்படியே கீழே இறங்கும். நல்ல தண்ணீர் கடல்நீரைவிட லேசு என்பதால் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும் என்பதும் அதே கணக்குதான். சித்தப்பாவிடம் மோட்டாரை அளவாகப் போடச் சொல்லுங்கள். மழைநீர் சேகரிப்புக்குச் சென்னையில் அந்த மணலைவிட நல்ல இடம் கிடையாது.

பாறையும் மணலும் களியும் இப்படிக் கலந்து கிடப்பதால் மெட்ரோ சுரங்கம் தோண்டியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இயந்திரத்தின் முகத்தில் அடிப்பாதி கட்டிப்பாறை, மேல்பாதி பொலபொலவென்ற மணல் என்று வந்தால், பாறைக்கு ஏற்ப அழுத்தினால் மேலே மண் சரியும், மண்ணுக்கு ஏற்ப மெதுவாகப் போனால் பாறை உடையாது.

மெரினா இந்தக் கதையில் கடைக்குட்டி. 1876-ல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கும்வரை அங்கே இவ்வளவு மணல் கிடையாது, கடல் இன்றைய சாலைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. நம் கரையோரம் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சில மாதம் திசை மாறும், ஆனால் வரவு செலவில் வடக்குதான் ஜெயிக்கும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமானது, 300 மீட்டருக்கும் மேல். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூருக்கு வர வேண்டிய மணல் நின்றுபோய் அங்கே கடல் கரையைத் தின்றது, கல்லைக் கொட்டிக் கொட்டித் தடுக்கிறார்கள். தென்சென்னைக்குக் கிடைத்த பீச் வடசென்னை இழந்த தெருக்கள். நிலவியல் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் நழுவுவது எனக்குப் பிடிக்காது.

எலியட்ஸ் பீச்சில் அலை வடிந்த பிறகு மணலில் கறுப்பு ரேகை ஓடும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி அதில் இழுத்தால் பொடிப்பொடியாக ஒட்டும், அது மாக்னடைட். ஒட்டாமல் கிடக்கும் கறுப்பில் பெரும்பாலும் இல்மனைட், இளஞ்சிவப்பாக மினுங்கினால் கார்னெட். எல்லாம் இந்த நாட்டுப் பழம்பாறைகள் உதிர்ந்து வந்தவை. குழந்தைகளை அழைத்துப் போனால் அரைமணி நேரம் ஓடிவிடும்.

கடைசியாகப் பூகம்பம். சென்னை கண்டத் தட்டின் விளிம்பில் இல்லை, ஆகவே இமயமலை அடிவாரத்து அளவுக்கு ஆபத்து இல்லை. அதற்காகச் சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. கோண்ட்வானா பிளந்தபோது விழுந்த பழைய முறிவுகள் அடியில் கிடக்கின்றன, வடக்கே இமயத்தில் முட்டுகிற அழுத்தம் தட்டு முழுவதும் பரவியிருக்கிறது. 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த, ரிக்டர் அளவில் ஐந்தரை ஒட்டிய நடுக்கத்தில் சென்னை மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். 2002-ல் வெளியான கட்டட விதிமுறையில் சென்னை பூகம்ப ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்திலிருந்து அதைவிட ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. ஒரே நடுக்கம் பாறைமேல் இருக்கும் நங்கநல்லூர் வீட்டைவிடக் களிமண்மேல் இருக்கும் வேளச்சேரி வீட்டைக் கூடுதலாக ஆட்டும். உங்கள் நண்பர் மாடி எழுப்புவதாக இருந்தால் மண் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்காமல் தூண் அளவைத் தீர்மானிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அறிக்கையில் பைல், அதாவது ஆழத்துக்கு இறக்கும் தூண் அஸ்திவாரம், போடச் சொன்னால் செலவைப் பார்க்காமல் போடட்டும்.